ஆற்றில் போட்டாலும் அளந்து போடு

(முன்னாள் மாணவர் ஒன்றுகூடலில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



"பிள்ளைகளுக்கு உபயோகமா ஏதாவது பேசுப்பா" என்று சங்கச் செயலாளர் கேட்டுக்கொண்டார். ஆகவே காசைப் பற்றிப் பேசப் போகிறேன். புரோகிராம் எழுதித் தரும் ஏ.ஐ. உதவியாளர்களுக்கு நாம் கொடுக்கிற காசு. உங்களில் பலர் பிராஜெக்டுக்கு அதைத்தான் நம்பியிருக்கிறீர்கள் என்று கேள்விப்பட்டேன். தப்பில்லை. ஆனால் மீட்டர் எப்படி ஓடுகிறது என்று தெரிந்துகொண்டு வண்டியில் ஏறுங்கள்.

2025-ஆம் ஆண்டின் நடுவில் நடந்ததைச் சொல்கிறேன். ஜூன் மாதம் கர்சர் தன்னுடைய 20 டாலர் திட்டத்தின் கணக்கை மாற்றியது. மாதம் 500 விரைவுக் கேள்விகள் என்று இருந்தது, 20 டாலர் மதிப்புள்ள உபயோகம் என்று ஆனது. பலருக்கு எதிர்பாராத பில் வந்தது. ஜூலை 4 அன்று நிறுவனமே மன்னிப்புக் கேட்டு, பணத்தைத் திருப்பித் தருவதாக அறிவித்தது. அதே ஜூனில் கிட்ஹப் கோபைலட் மாத வரம்பை அமலுக்குக் கொண்டுவந்தது. ஆகஸ்ட் 28 முதல் ஆந்த்ரோபிக், கிளாட் கோட் உபயோகத்துக்கு வார வரம்பு போட்டது. மாதம் 200 டாலர் கட்டிய ஒருவர் பல்லாயிரம் டாலர் பெறுமான உபயோகம் செய்துவிட்டார் என்று அந்நிறுவனம் காரணம் சொன்னது.

ஒருவர் எப்படி அவ்வளவு செலவழிக்க முடியும்? அங்கேதான் விஷயம் இருக்கிறது.

இந்த இயந்திரம் வார்த்தையை எண்ணுவதில்லை, டோக்கனை எண்ணுகிறது. டோக்கன் என்றால் எழுத்துத் துணுக்கு. தமிழில் எழுதினால் துணுக்கு கூடும். 2024-இல் ஜிபிடி-4ஓ வந்தபோது ஓப்பன்ஏஐ ஓர் உதாரணம் காட்டியது. ஒரே அறிமுக வாசகம், பழைய முறையில் ஆங்கிலத்துக்கு 27 டோக்கன், தமிழுக்கு 116. புதிய முறையில் 24-ம் 35-ம் ஆனது. நம்ம மொழிக்கு இவ்வளவு நாள் கூடுதல் கட்டணம் இருந்தது என்று அர்த்தம்.

அடுத்தது முக்கியம். இந்த மாடலுக்கு ஞாபகம் கிடையாது. நீங்கள் முப்பதாவது கேள்வி கேட்கும்போது, முந்தைய இருபத்தொன்பது கேள்வி, பதில், அது படித்த ஃபைல்கள், டெஸ்ட் ஓடிய பதிவு எல்லாம் மறுபடியும் மொத்தமாக அனுப்பப்படுகின்றன. ஒவ்வொரு சுற்றும் 5,000 டோக்கன் சேர்க்கிறது என்று வையுங்கள். 30 சுற்றுக்கு 1,50,000 என்றுதானே நினைப்போம்? இல்லை. முதல் சுற்றில் 5,000, இரண்டாவதில் 10,000 என்று ஏறிக்கொண்டே போய், கூட்டினால் 23,25,000. அதே வேலையைப் பத்துப் பத்துச் சுற்றாக மூன்று புதிய உரையாடலில் முடித்தால் 8,25,000. பள்ளிக்கூடத்தில் படித்த கூட்டுத்தொடர்தான், வேறொன்றுமில்லை!

2025 மே மாதம் வெளியான கிளாட் சானெட் 4-க்கு, 10 லட்சம் டோக்கன் உள்ளே போக 3 டாலர், வெளியே வர 15 டாலர் விலை வைத்தார்கள். மாடல் தனக்குள் யோசிப்பதும் வெளியே வரும் கணக்கில்தான் சேரும். திரும்ப அனுப்பும் பகுதியைச் சேமித்து வைத்தால் பத்தில் ஒரு பங்கு விலை. ஆனால் ஆந்த்ரோபிக்கின் ஏபிஐ-யில் அந்தச் சேமிப்பின் வழக்கமான ஆயுள் 5 நிமிடம். டீ குடித்துவிட்டு நிதானமாக வந்து ஒரு கேள்வி கேட்டால், பழைய உரையாடல் முழுவதற்கும் மறுபடி முழு விலை!

நம்ம காலத்து எஸ்.டி.டி. பூத் நண்பர்களுக்கு ஞாபகம் இருக்கும். இரவு 11 மணிக்கு மேல் கால் கட்டணம் என்று வரிசையில் நிற்போம். கண்ணெதிரே சிவப்பு எண் ஓடும், பேச்சு தானாகச் சுருங்கும். இப்போது மீட்டர் வேறெங்கோ ஓடுகிறது. நாம்தான் தேடிப் போய்ப் பார்க்க வேண்டும்.

வரம்பு என்பதும் இரண்டு வகை. நிமிடத்துக்கு இத்தனை என்பது ஒன்று. அதைத் தாண்டினால் 429 என்று பிழை வரும். கொஞ்சம் பொறுத்து, இடைவெளியைக் கூட்டிக்கொண்டே முயன்றால் சரியாகும். மற்றொன்று சில மணி நேரத்துக்கு, வாரத்துக்கு, மாதத்துக்கு என்ற ஒதுக்கீடு. அது தீர்ந்தால் காத்திருக்க வேண்டும், அல்லது மேலே காசு கட்ட வேண்டும்.

சரி, என்ன செய்யலாம்? ஒரு வேலைக்கு ஓர் உரையாடல். முடிந்ததும் புதிதாகத் தொடங்குங்கள். இரண்டாயிரம் வரிப் பிழைப் பதிவை அப்படியே கொட்டாதீர்கள். தேவையான இருபது வரியை எடுத்துக் கொடுங்கள். எந்த ஃபைல், எந்த ஃபங்ஷன் என்று பெயர் சொல்லிக் கேளுங்கள். சின்ன வேலைக்குச் சின்ன மாடல் போதும். ஏபிஐ சாவி வாங்கினால் முதல் காரியமாகச் செலவு உச்சவரம்பு வையுங்கள், தானாகப் பணம் நிரப்பும் வசதியை அணைத்துவிடுங்கள். அப்பாவின் கார்டு என்றால் கட்டாயம் செய்யுங்கள். 20 டாலர் என்பது ஆயிரத்து எழுநூறு ரூபாய்க்கு மேல். அது எத்தனை வீடுகளில் எத்தனை நாள் கூலி என்று உங்களுக்கே தெரியும்.

இந்த யோசனைகளை ஒரு தடவை திரும்பிப் பாருங்கள். பிரச்சினை எங்கே இருக்கிறது என்று தெரிந்தவனுக்குத்தான் இருபது வரியைப் பொறுக்க முடியும். தெரியாதவன் மொத்தத்தையும் கொட்டுகிறான், மொத்தத்துக்கும் காசு கட்டுகிறான். ஆக, படித்தவனுக்கு பில் குறைவு. எங்கள் ஆசிரியர்கள் பேப்பரில் ஃப்ளோ சார்ட் போடச் சொன்னபோது முணுமுணுத்தோம். இன்று அந்தப் பழக்கத்துக்கு டாலர் மதிப்பு வந்திருக்கிறது.

கடைசியாக ஒன்று. ரிவ்யூவுக்கு முந்தின இரவு வரம்பு தீர்ந்துபோனால், குழுவில் ஒருத்தராவது அந்தக் கோடைப் படித்துப் புரிந்துகொண்டு கையால் தொடர முடிய வேண்டும். யாருமே படிக்காத கோடு உங்கள் கோடு அல்ல, அது வாடகை வீடு. சாவி வேறொருவர் கையில் இருக்கிறது. உதவியாளரை வைத்துக்கொள்ளுங்கள், ஆனால் அவர் வராத நாளில் கடையைத் திறக்கவும் தெரிந்துகொள்ளுங்கள்.