குதிரைகளின் குடிபெயர்ச்சி

மாரிக்குப்பத்தில் நாள்தோறும் பெங்களூர் ரயிலேறும் தங்கவயல் தமிழராகிய நமக்கு இடம்பெயர்தலைப் பற்றிப் பிறர் சொல்ல வேண்டுவதில்லை. 2001-இல் சுரங்கங்கள் மூடப்பட்டபின் நம்மிற் பலருக்குப் பிழைப்பே அதுவாயிற்று. ஆயினும், குதிரைகள் லாயம் மாறும் விதம் நாம் அதிகம் கேட்டறியாதது.

1886-இல் தொடங்கிய உதகைக் கோடைப் பந்தயங்களுக்காகக் கிண்டியிலிருந்தும் பெங்களூரிலிருந்தும் குதிரைகள் மலையேறி வந்தன. பந்தயச் சூதை நாம் பாராட்ட வரவில்லை; அப்பயணத்தின் பக்குவமே நம் பேச்சு. லாரியில் குதிரையின் தலையை உயர்த்தி இறுகக் கட்டுதல் ஆகாது. தலையைத் தாழ்த்தித் தும்ம இயலாவிடில் தூசியும் சளியும் உள்ளே தங்கி நுரையீரலில் நோய் காணும். சேணம், கடிவாளம், போர்வை, வாளி யாவும் அந்தந்தக் குதிரைக்கே உரியனவாக உடன் செல்லல் நன்று. ஒன்றன் வாளியில் மற்றொன்று நீர் குடித்தால் தொற்றுநோய் லாயமெங்கும் பரவக்கூடும். பழகிய உலர்புல்லும் சில நாளைக்கு வேண்டும். தீனி திடீரென மாறினால் வயிற்றுவலி வரும். குதிரையால் வாந்தியெடுக்க இயலாதாகையால் அவ்வலி உயிரையும் வாங்கும். புதிய லாயத்தில் மிரண்டு நிற்கும் குதிரையைத் தட்டிக்கொடுத்துத் தின்னச் செய்பவர் குதிரைக்காரர். சாமான்களுக்கு முன் வண்டியில் ஏற்ற வேண்டியவர் அவரே என்போம்.

2024-இல் உதகை மைதானத்தின் ஐம்பத்திரண்டு ஏக்கர் நிலத்தைத் தமிழக அரசு குத்தகை பாக்கிக்காகத் திரும்ப எடுத்துக்கொண்டது. பொது நிலம் பொதுமக்களுக்கு வருவதை நாம் குறைகூறோம். மருத்துவச் சான்றுடன் குதிரைகள் வேறு லாயங்களுக்குச் செல்லலாம். கோடைக் கூலியை நம்பி அவற்றோடு மலையேறிய குதிரைக்காரர் எந்த ஊருக்கு வண்டியேறுவார்?