பூட்டும் திறவுகோலும்

(சங்கத்தின் ஆண்டு விழாவில் நிகழ்த்திய சொற்பொழிவு)



திரைப்படத்தையும் இசையையும் களவினின்று காக்க இடும் மின்பூட்டுகள் எவ்வளவு பயன் தருகின்றன என்பது பற்றிச் சில சொற்கள் கூறுமாறு செயலாளர் அவர்கள் பணித்தார்கள்.

குறியாக்கம் என்பது செய்தியை மறைமொழியாக்கும் கலை. திறவுகோல் உடையார்க்கே அது விளங்கும். நண்பர் இருவர் கடிதம் எழுதிக்கொள்ளுங்கால் இக்காப்பு மிக வலிது; கள்வன் வெளியே நிற்கிறான். படத்தட்டின் நிலையோ வேறு. வாங்கியவர் வீட்டில் படம் ஓட வேண்டுமாயின், பூட்டோடு திறவுகோலையும் அவ்வீட்டுக்கே அனுப்பியாக வேண்டும். குறை இங்கேதான் பிறக்கிறது.

1996-ஆம் ஆண்டில் டி.வி.டி. தட்டுகளை 40 பிட் நீளமுடைய திறவுகோலால் பூட்டினர். 1999-இல் யோன் யோஹான்சென் என்னும் 15 வயது நார்வே இளைஞர், வேறு இருவருடன் சேர்ந்து, அதனைத் திறக்கும் நிரலை வெளியிட்டார். அவர்மீது வழக்குத் தொடுத்தனர். 2003-இல் அந்நாட்டு நீதிமன்றம் அவரை விடுவித்தது. ஒருவர் திறந்தால் போதும். பூட்டு உலகெங்கும் திறந்ததாகிவிடுகிறது.

பூட்டு நேர்மையாளரை வருத்துவதும் உண்டு. 2005-இல் சோனி பி.எம்.ஜி. நிறுவனத்தின் இசைத்தட்டுகளிலிருந்த காப்பு நிரல், வாங்கியவரின் கணிப்பொறிக்குள் ஒளிந்து புகுந்து, தீய நிரல்களுக்கும் வழி திறந்தது. தட்டுகளை நிறுவனம் திரும்பப் பெற நேர்ந்தது. 2009-இல் ஆப்பிள் நிறுவனமோ தான் விற்கும் பாட்டுகளின் பூட்டையே நீக்கியது.

எனின், காப்பு வீணா? அன்று. அது களவைத் தாமதப்படுத்தும். திரையரங்கப் படத்தில் கண்ணுக்குப் புலப்படாது பொறிக்கும் குறி, எவ்வரங்கில் படம் திருடப்பட்டதெனக் காட்டிக்கொடுக்கும். 2023-ஆம் ஆண்டின் இந்தியத் திருத்தச் சட்டம், அரங்கில் படத்தைக் களவாய்ப் பதிவோர்க்கு 3 மாதம் முதல் 3 ஆண்டு வரை சிறையும், 3 இலட்சம் ரூபாய்க்குக் குறையாத தண்டமும் விதிக்கிறது.

தமிழ்ப்படம் என்றோ ஒரு ஞாயிறு காலைக் காட்சியாக மட்டும் இங்கு வந்த காலம் நமக்கு நினைவிருக்கும். அக்காலத்தில் கைமாறி வந்த கள்ளத்தட்டு ஒன்றை என் வீட்டிலும் கண்டோம். “அப்பா, இது கடையில் வாங்கியதா?” என்று மகள் வினவினாள். என்னால் விடை கூற இயலவில்லை. “கிடைக்கவில்லை” என்று அன்று கூறியிருக்கலாம். நல்ல பதிப்பு நியாயமான விலையில் வீட்டுக்கே வரும் இன்று, அச்சொல்லும் செல்லாது.

திறவுகோல் எப்போதும் நம் வீட்டில்தான் இருக்கிறது, அன்பர்களே. ஆதலின் கடைசிக் காவலரும் நாமே. அக்காவலை நம் குழந்தைகள் நம்மிடம் கண்டு கற்கட்டும்.