ஜெர்மன் வெள்ளியும் அதன் பெயர்களும்



கல்யாணச் சீருக்கென்றும் பூஜைக்கென்றும் ஜனங்கள் வாங்கும் சாமான்களில் ஜெர்மன் வெள்ளியும் ஒன்று. பார்வைக்கு அது வெள்ளியைப்போலவே பிரகாசிக்கும். ஆயினும் அவ்வுலோகத்தில் வெள்ளி சேருவதில்லை. தாமிரமும் துத்தநாகமும் கலந்தால் பித்தளையாகும். அதனுடன் போதிய அளவு நிக்கலையும் சேர்த்தால் மஞ்சள் நிறம் மறைந்து வெண்மை உண்டாகும். தாமிரம் 60, நிக்கல் 20, துத்தநாகம் 20 என்பது பெரிதும் வழங்கும் விகிதம்.

இவ்வுலோகம் முதலில் தோன்றியது ஜெர்மனியிலன்று, சீனாவிலாம். வெண்தாமிரம் என்று பொருள்படச் சீனர் இட்ட பெயரே ஐரோப்பாவில் ‘பாக்டாங்’ என வழங்கிற்று. 1776-ல் ஸ்வீடன் தேசத்து எங்கெஸ்ட்ரம் என்பார் அதனைப் பகுத்து ஆராய்ந்து, அதிலுள்ள உலோகங்களை வெளியிட்டார். 1819-ல் பிரான்ஸில் லியோன் நகரத்து மாயோ, ஷோரியே என்னும் இருவர் தங்கள் பெயர்களை இணைத்து ‘மாய்ஷோர்’ என்றனர். 1823-ல் ஜெர்மனியில் கைட்னர் என்பார் வெள்ளியின் லத்தீன் பெயரைத் தழுவி ‘அர்ஜென்டான்’ என்றார். பெர்லின் நகரத்து ஹென்னிகர் சகோதரர் ‘புது வெள்ளி’ என்று பொருள்படப் பெயரிட்டனர். சீனர் இட்ட பெயர் தாமிரம் என்று உண்மையை உரைத்தது. ஜெர்மனியில் எழுந்த பெயர்களோ வெள்ளியை நினைப்பூட்டின. ஏமாற்றத்துக்கு இடமளிப்பது இதுவே.

1840-ல் இங்கிலாந்தில் பர்மிங்காம் நகரத்து எல்கிங்டன் என்பார் மின்சாரத்தால் வெள்ளி முலாம் பூசும் முறைக்கு உரிமை பெற்றார். ஒரு பாத்திரத்தில் ‘ஈ.பி.என்.எஸ்.’ என்ற முத்திரை காணப்பட்டால், அது நிக்கல் வெள்ளியின்மேல் முலாம் பூசியதேயாகும். மேற்பூச்சு மட்டுமே வெள்ளி.

வெள்ளி என்று நம்பி வாங்கியதை அவசர காலத்தில் அடகுக்குக் கொண்டுபோகும்போது உண்மை வெளிப்பட்டால், ஏழைக் குடும்பத்தின் பல வருஷச் சேமிப்பு வீணாகும். ஆகவே வாங்கும்போதே இந்திய தர நிர்ணய அமைவனத்தின் முத்திரையைப் பார்த்தல் வேண்டும். அதில் 925 என்றிருப்பின், ஆயிரம் பங்கில் 925 பங்கு வெள்ளி என்பது பொருள். எடையும் துணை செய்யும். வெள்ளி, தன் கன அளவுள்ள நீரைப்போல் ஏறக்குறைய 10½ மடங்கு கனமுள்ளது. ஜெர்மன் வெள்ளியோ 9 மடங்குக்கும் குறைவு.

மற்றொன்றும் கவனிக்கத்தக்கது. இவ்வுலோகத்தில் தாமிரமே மிகுதியாதலால், முலாமில்லாத பாத்திரத்தில் புளிக்குழம்பு, மோர், ஊறுகாய் முதலியவற்றை வைத்தல் ஆகாது, களிம்பு உண்டாகும். நிக்கல் படும்போது சிலருடைய தோலில் அரிப்பும் தடிப்பும் ஏற்படும். அத்தகையோர் இதனாலான நகைகளை விலக்குவது நலம்.

ஜெர்மன் வெள்ளி இழிந்த பொருளன்று. உறுதியானது, நெடுநாள் உழைப்பது. அதற்குரிய விலையில் அதனை வாங்குவோர்க்கு நஷ்டமில்லை. வெள்ளியின் விலை கொடுத்து அதனை வாங்குவதே நஷ்டம்.