வாயில்வரை ஆங்கிலம்



ஆங்கிலம் ஒன்றே போதும், எந்நாட்டிலும் வேலை பெற்று வாழலாம் என்னும் எண்ணம் பலர் உள்ளத்தில் வேரூன்றிக் கிடக்கின்றது. அவ்வெண்ணத்தோடு செருமனிக்குச் செல்வோர் ஆங்குக் காண்பது யாது?

முதலிற் காண்பது திறந்த கதவே. அதை மறைப்பது நேர்மையாகாது. 2024 சூன் முதல் அந்நாட்டரசு வழங்கும் ‘வாய்ப்பு அட்டை’ பெற்றவர், ஓராண்டுவரை அங்குத் தங்கி வேலை தேடலாம். கல்வித் தகுதியும் கைப்பொருளும் காட்டல் வேண்டும். மொழித் தகுதிக்கோ, தொடக்கநிலைச் செருமானியமேனும் பி-2 நிலை ஆங்கிலமேனும் போதும். பெர்லினில் கணிப்பொறி நிறுவனங்கள் பலவற்றில் ஆங்கிலத்திலேயே பணி நடக்கின்றது.

ஆயின், கணிப்பொறியை விட்டு நோயாளியின் கட்டிலருகே வந்தால் நிலை வேறு! செவிலியரின் தகுதியை ஏற்பதற்குப் பெரும்பாலும் பி-2 நிலைச் செருமானியம் கேட்கப்படுகின்றது. மருத்துவர்க்குத் தனியே ஒரு மொழித்தேர்வு உண்டு. இருபது மணித்துளி நோயாளியோடு உரையாடுவதுபோல் உரையாடல். இருபது மணித்துளி அதனை எழுத்தில் வடித்தல். இருபது மணித்துளி உடன்மருத்துவரிடம் எடுத்துரைத்தல். நெஞ்சு ‘அடைக்கிறது’ என்பதற்கும் ‘குத்துகிறது’ என்பதற்கும் உள்ள வேறுபாடறியாதவர் எங்ஙனம் நோயறிவார்? நள்ளிரவில் வலியால் துடிக்கும் முதியவள் தன் தாய்மொழியில்தானே முனகுவாள்! அவள் மொழியை மருத்துவர் கற்க வேண்டுமேயன்றி, மருத்துவர் மொழியை அவள் கற்க வேண்டுவதில்லை. இதனை அந்நாட்டார் கொடுமையென எண்ணுவதில்லை, கடமையென எண்ணுகின்றனர்.

அலுவல்மொழி செருமானியமே என்று அந்நாட்டு ஆட்சிநடைமுறைச் சட்டத்தின் 23-ஆம் பிரிவு கூறுகின்றது. குடியிருக்கும் வீட்டைப் பதிவுசெய்யச் செல்பவர் முதற்கிழமையிலேயே இதன் பொருளை உணர்வார். எதிரிலிருக்கும் அலுவலர் ஆங்கிலம் அறிந்தவராகவே இருக்கலாம். ஆயினும் அலுவலகத்தினின்று வரும் மடல் செருமானியத்தில்தான் வரும்.

அவ்வலுவல்மொழியும் தானே வளர்ந்ததன்று. 1870-களில் அஞ்சல்துறைத் தலைவராயிருந்த ஐன்ரிச்சு வான் சிடெபான், பிரெஞ்சு அஞ்சற்சொற்கள் பலவற்றை நீக்கிச் செருமானியச் சொற்களைப் புகுத்தினார். ‘தொலைபேசி’ என்னும் நம் சொல்லை ஒத்த ‘பெர்ன்சிபிரெக்கர்’ அவ்வழி வந்ததே. (பின்னாளில் மக்கள் நாவில் ‘டெலிபோன்’ மேலோங்கியதும் உண்மையே.)

இனி, ஆங்கிலத்தாலேயே வேலைபெற்ற கணிப்பொறி வல்லுநர்க்கு வருவோம். ‘நீல அட்டை’ பெற்றுப் பணிபுரிவார், தொடக்கநிலைச் செருமானியம் மட்டும் அறிந்திருப்பின், பிற தகுதிகளும் நிரம்பியவழி 27 மாதப் பணிக்குப் பின்னரே நிலையான குடியிருப்பு இசைவு வேண்டலாம். பி-1 நிலை எய்தியவர்க்கு 21 மாதமே போதும். அச்செருமானியமேனும் கல்லாதார்க்கு இவ்விரு வழியும் இல்லை.