பொதுச் சொத்தைக் காப்பவர் யார்?

கண் இமைக்கும் பொழுதையும் கை நொடிக்கும் பொழுதையும் மாத்திரை என வகுத்து, எழுத்துக்களின் ஒலிக்கு அதனையே அளவாகக் கொண்டனர் நம் இலக்கண ஆசிரியர்கள். அத்துணைச் சிறிய பொழுதொன்று, 2024ஆம் ஆண்டு மார்ச் மாதத்தில், உலகின் எண்ணற்ற கணினிகளைப் பெருங்கேட்டினின்றும் காத்தது என்றால் நேயர்கள் வியப்படையக்கூடும். அந்த வரலாற்றையே இன்று உங்கள் முன் வைக்க எண்ணுகின்றேன்.

முதலில், திறந்த மூல மென்பொருள் என்பது யாது? கணினி செய்யவேண்டிய கருமங்களை மனிதர் வாசித்து விளங்கத்தக்க வடிவில் எழுதி வைத்தால் அது மூலநிரல் எனப்படும். வணிகக் கொம்பனிகள் பல தம் மூலநிரலைப் பூட்டி வைத்து, அதன் பயனை மட்டும் விற்கின்றன. அவ்வாறன்றி, எவரும் வாசிக்கலாம், திருத்தலாம், பிறர்க்கும் வழங்கலாம் என்று மூலநிரலையே உலகின் முன் வைப்பது திறந்த மூல நெறி. அமெரிக்கரான றிச்சர்ட் ஸ்ரோல்மன் 1983இல் குனூ என்னும் முயற்சியை அறிவித்தார். ஹெல்சிங்கிப் பல்கலைக்கழகத்தின் மாணவராயிருந்த லினஸ் தோவால்ட்ஸ் 1991இல் லினக்ஸின் முதற் பதிப்பை வெளியிட்டார். இன்று நம் கையிலுள்ள அன்ட்ரொயிட் தொலைபேசியின் உள்ளேயும் லினக்ஸின் கருவே இயங்குகின்றது.

நம் நாட்டிற்கும் இந்நெறியிற் பங்குண்டு. 2004ஆம் ஆண்டு டிசெம்பர் 26ஆம் திகதி ஆழிப்பேரலை நம் கரைகளை அழித்த பின்னர், காணாமற் போனோரையும் முகாம்களையும் நிவாரணப் பொருள்களையும் பதிந்து வைப்பதற்கென இலங்கை நிரலாளர்கள் ஒன்றுகூடிச் 'சகானா' என்னும் மென்பொருளை ஆக்கினர். அது திறந்த மூலமாக அமைந்தமையால், 2005இல் நிலநடுக்கத்தால் துயருற்ற பாகிஸ்தானிலும் எடுத்தாளப்பட்டது.

பலர் பார்க்கும் இடத்திற் பிழை நெடுநாள் மறைந்திருக்க இயலாது என்பது இவ்வியக்கத்தாரின் பழைய நம்பிக்கை. அந்நம்பிக்கையை உரைத்துப் பார்த்த நிகழ்ச்சிக்கு இனி வருவோம்.

எக்ஸ்-இசெட் என்பது கோப்புக்களைச் சுருக்கி வைப்பதற்கான ஒரு சிறு மென்பொருள். பெயர் பலருக்குத் தெரியாது. ஆனால் லினக்ஸ் வகைகள் பலவற்றினுள்ளே அது அமைந்திருக்கின்றது. இதனைப் பின்லாந்து நாட்டவரான லாசே கொலின் ஏறத்தாழப் பதினைந்து ஆண்டுகளாகப் பேணி வந்தார். ஊதியம் இல்லை; ஓய்வு நேரத்திற் செய்த பணி.

2021ஆம் ஆண்டின் பிற்பகுதியில் 'ஜியா டான்' என்ற பெயருடைய ஒருவர் சிறு சிறு திருத்தங்களை அனுப்பத் தொடங்கினார். அவை பயனுள்ளவையாகவும் இருந்தன. 2022இல் வேறு சில பெயர்களிலிருந்து கொலினுக்கு நெருக்குதல்கள் வந்தன. வேலை மந்தமாக நடக்கின்றது, பொறுப்பை வேறொருவரிடம் கொடுத்தால் என்ன என்று பொது மடல்களிலேயே அவரைக் குத்திக் காட்டினர். இது ஊதியமற்ற பணி என்பதை மறத்தலாகாது என்றும், தமது உளநலமும் சில காலமாகச் சீராக இல்லை என்றும் அவர் பொறுமையோடு விடையிறுத்தார். அவ்விடையை வாசிக்கும் எவருக்கும் நெஞ்சு இளகும். குத்திக் காட்டியவர்களுக்கு இளகவில்லை. அப்பெயர்களும் சூழ்ச்சியின் பகுதியே என்பது இந்நிகழ்ச்சியை ஆராய்ந்தோர் பலரின் கருத்து. தனியே சுமை சுமந்த அவர், உதவிக்கு நின்றவரை நம்பினார். காலப்போக்கிற் புதிய பதிப்புக்களை வெளியிடும் அதிகாரமும் ஜியா டானின் கைக்குச் சென்றது.

2024 பெப்ரவரியில் 5.6.0 என்ற பதிப்பும், மார்ச்சில் 5.6.1 என்ற பதிப்பும் வந்தன. இரண்டினுள்ளும் ஒரு கள்ளத் திறப்பு ஒளிந்திருந்தது. தொலைவிலுள்ள கணினியொன்றினுள் பாதுகாப்பாகப் புகுவதற்கு உலகெங்கும் பயன்படும் வாயில் எஸ்-எஸ்-எச் எனப்படுவது. சில லினக்ஸ் வகைகளில் அவ்வாயில், சுற்றுவழியாக எக்ஸ்-இசெட்டின் துணையையும் பெறுகின்றது. அந்தச் சுற்றுவழியைப் பற்றிக்கொண்டு, தமக்கு மட்டும் தெரிந்த இரகசியச் சாவியால் எக்கணினியினுள்ளும் கட்டளையிட வழி செய்திருந்தனர். அதன் ஒளிப்பு முறை கவனிக்கத்தக்கது. நஞ்சின் பெரும்பகுதி, பரிசோதனைக்கான கோப்புக்கள் என்ற பெயரில், மனிதர் வாசிக்க இயலாத வடிவிற் கிடந்தது. அதனை எழுப்பிவிடும் சிறு துண்டோ, எல்லோரும் பார்க்கும் பொது மூலநிரலில் இல்லை. வெளியீட்டுப் பொதியில் மட்டும் இருந்தது. பார்ப்பதற்குத் திறந்து வைத்த ஏடு ஒன்று, கையில் எடுத்துச் சென்ற ஏடு வேறொன்று!

மைக்ரோசொப்ட் கொம்பனியிற் பணியாற்றும் அன்ட்றெஸ் பிறாய்ண்ட் என்னும் பொறியியலாளர் போஸ்கிறஸ் என்ற தரவுத்தள மென்பொருளை ஆக்குவோருள் ஒருவர். அதன் வேகத்தை அளந்துகொண்டிருந்தபோது, எஸ்-எஸ்-எச் வாயில் வழக்கத்திற்கு மாறாக உழைப்பதைக் கண்டார். முன்னர் 0.3 விநாடியளவில் முடிந்த கருமத்திற்கு இப்போது 0.8 விநாடி சென்றது. அரை விநாடி என்று விட்டுவிடாமல் வேரைத் தேடிச் சென்ற அவர், மார்ச் 29ஆம் திகதி, அவ்வாண்டின் பெரிய வெள்ளிக்கிழமையன்று, தாம் கண்டதை உலகிற்கு அறிவித்தார். நஞ்சூட்டிய பதிப்புக்கள் பெரும்பாலும் டெபியன், பெடோரா முதலியவற்றின் சோதனை வகைகளையே அப்போது அடைந்திருந்தன. இன்னும் சில மாதங்கள் சென்றிருந்தால் நிலைமை வேறு. ஜியா டான் என்ற பெயருக்குரியவர் யாரென்று உலகம் அறியுமுன்னே அப்பெயர் மறைந்துவிட்டது.

இதிலிருந்து இருதிறக் கருத்துக்கள் எழுந்தன. திறந்து வைத்ததனால் அல்லவோ திருடன் நுழைந்தான் என்றனர் ஒரு சாரார். திறந்து வைத்ததனால் அல்லவோ பிடிபட்டான் என்றனர் மறு சாரார். மூலநிரல் பூட்டப்பட்டிருந்தால் அதன் ஆக்கத்திற் பங்கில்லாத ஒருவர் வேரைத் தேடியிருக்க முடியாதாகையால், இரண்டாவது கூற்றே எனக்கு வலிமையுடையதாகத் தோன்றுகின்றது. ஆயினும் அதனோடு அமைதியடைய என்னால் இயலவில்லை. இங்கே காத்தது ஒரு மனிதரின் விடாமுயற்சி, அது ஏற்பாடன்று. 2014 ஏப்ரலில் ஓப்பன்-எஸ்-எஸ்-எல் என்னும் மறைகுறியாக்க மென்பொருளில் 'ஹார்ட்பிளீட்' என்ற குறை வெளிப்பட்டபோது, அது வெளியீட்டில் இரண்டு ஆண்டுகள் எவர் கண்ணிலும் படாமல் இருந்திருந்தது. உலக வணிகத்தின் பெரும்பகுதி சார்ந்திருந்த அம்மென்பொருளுக்கு அதற்கு முன் நன்கொடையாக வந்தது ஆண்டொன்றுக்கு ஏறத்தாழ 2,000 டொலர் மட்டுமே. ஊர்க் கிணற்றில் நீர் அள்ள எல்லோரும் வருவர். இறைத்துச் சேறு வார வருவோர் ஓரிருவர்.

சிலர் தன்னார்வத் தொண்டர்களிடம் அடையாளச் சான்று கேட்கவேண்டும் என்கின்றனர். ஏற்கெனவே முதுகு வளைந்தவனிடம் இன்னொரு மூட்டையைக் கொடுப்பதே அது. பயன் துய்க்கும் கொம்பனிகளும் அரசுகளும் பேணுவோருக்குப் பொருளுதவி செய்தலே நேரிய வழி. ஜேர்மனிய அரசு 2022இல் இதற்கெனவே ஒரு நிதியத்தைத் தொடக்கியது. ஐரோப்பிய ஒன்றியம் 2024இல் இயற்றிய சைபர் தாங்குதிறன் சட்டமும், திறந்த மூலத்தைத் தம் விற்பனைப் பொருளிற் சேர்க்கும் உற்பத்தியாளர் மீதே முதன்மைப் பொறுப்பைச் சுமத்துகின்றது. அதன் முக்கிய கடப்பாடுகள் 2027 டிசெம்பரில் நடைமுறைக்கு வருமென அச்சட்டத்தில் வகுக்கப்பட்டுள்ளது.

கொலின் மீண்டும் பொறுப்பேற்று, ஜியா டான் தொட்ட பகுதிகளை ஒவ்வொன்றாக ஆராய்ந்தார். 2024 மே 29ஆம் திகதி, கள்ளத் திறப்பு நீக்கப்பட்ட 5.6.2 என்னும் பதிப்பு வெளிவந்தது. முன்போலவே, எவரும் விலையின்றிப் பெறத்தக்கதாக.