திருப்பதிக்கு வந்த கடல்



1911-இல் உருவான சித்தூர் ஜில்லாவுக்குக் கடற்கரை கிடையாது. 2022 ஏப்ரலில் அதன் கிழக்குப் பகுதியும் நெல்லூர் ஜில்லாவின் சூளூர்ப்பேட்டைப் பகுதியும் இணைந்து திருப்பதி ஜில்லா அமைந்தபொழுது, ஏழுமலையானின் ஜில்லாவுக்குப் பழவேற்காட்டு ஏரியும் வங்கக் கடலும் வந்து சேர்ந்தன. தில்லியிலிருந்தும் பம்பாயிலிருந்தும் மலையேற வரும் நம்மவர் அத்திசையில் திரும்புவது அரிது. அவ்வேரியை நம்பித் தெலுங்கரோடு தமிழ் பேசும் பட்டினவரும் வாழ்கின்றனர்.

கடலிலே கூண்டு மிதக்கவிட்டு மீன் வளர்க்கும் முயற்சியை மத்திய கடல்மீன் ஆராய்ச்சி நிலையம் 2007-இல் விசாகப்பட்டினத்தருகே தொடங்கியது. அங்கு வளர்த்தது கொடுவா. ஆறு மீட்டர் குறுக்களவுள்ள சிறு கூண்டுகள் பின்னர் வழக்கத்துக்கு வந்தன. கூண்டின் அடியில் நீரோட்டம் இல்லையேல் கழிவும் மிஞ்சிய இரையும் படிந்து மீன் மடியும். புயல் வருமுன் மீனை எடுத்தாக வேண்டும். இரவில் காவலும் வேண்டும். நீரோட்டத்தையும் காற்றையும் அறிந்தவர் குப்பத்தாரே. அவர்களுக்குப் பகையாகக் கடலில் ஒரு கூண்டு ஓர் இரவும் நில்லாது.

கூண்டுக்குரிய இடம் யாருடையது? பழவேற்காட்டில் இதற்குப் பழைய விடையொன்று உண்டு. அதன் பெயர் 'பாடு'. வலையிடும் நீர்ப்பரப்புகளைச் சீட்டுப் போட்டு முறைவைத்துப் பகிர்வர். நல்ல இடம் ஒருவருக்கே நிலைத்துவிடாது. மொழிபெயர்ப்பே தொழிலாகிய நமக்கு இச்சொல்லின்மேல் தனி ஆசை: மீன் படும் இடமும் பாடு, மனிதர் படுவதும் பாடு. அரசாங்கத் தாள்களிலோ மீனவர் 'பயனாளி' ஆகிவிடுகிறார். பிறர் கொடுப்பதைப் பெறுபவரே பயனாளி. உரியவரை அச்சொல் குறியாது.

இவ்வேறுபாடு வெறும் சொல்லாராய்ச்சியன்று. இறால் பண்ணைகள் கரையோரத்தை வளைத்தபொழுது காந்தியவாதி ஜகந்நாதன் வழக்காடினார். பழவேற்காடு, சில்கா ஏரிகளிலிருந்து ஆயிரம் மீட்டருக்குள் அத்தகைய பண்ணை கூடாதென 1996 டிசம்பரில் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. கரையில் நேர்ந்தது கடலில் நேராதென்று எவ்வாறு நம்புவது? முதல் உள்ளவர் நல்ல நீரைப் பிடித்துக்கொண்டால், வலைக்காரர் அங்கே காவற்கூலிக்கு நிற்பார்.

ஆகவே உரிமம் வழங்குமுன், எந்த நீரில் எத்தனை கூண்டு, எவர் முறை என்பதைக் குப்பத்துக் கூட்டமே முடிவு செய்தல் வேண்டும் என்பது நம் கருத்து. பாடு முறையை அப்படியே எடுத்துக்கொள்ளவும் இயலாது. அது ஆடவர் உரிமை. அதிலும் குறிப்பிட்ட குலத்தாருக்கே உரியது. மீன் விற்கும் பெண்டிருக்கும், கையால் தடவி இறால் பிடிக்கும் பழங்குடியினருக்கும் சீட்டில் பெயர் இல்லை. கூண்டுக்குச் சீட்டுப் போடும் நாளில் அவர்கள் பெயரையும் எழுதிப் போட வேண்டும்.