மண்சரிவும் மலைநாட்டு மக்களும்



நிலைபெயராத ஒன்றுக்கு உவமை தேடிய நம் முன்னோர் மலையையே சுட்டிக் காட்டினர். ஆயினும், மலையிலே பிறந்து, மலையிலே கொழுந்து பறித்து வாழும் நம் தோட்டத்து மக்கள், அம்மலையும் நிலைபெயரும் என்பதைக் கண்ணீரால் அறிந்தவர்கள். 2007ஆம் ஆண்டு சனவரியில் நுவரெலியா மாவட்டத்து வலப்பனையிலும் ஹங்குராங்கெத்தையிலும் மண் சரிந்து உயிர்களைக் கொண்டது. 2025 நவம்பர் இறுதியில் டித்வா புயல் இலங்கையைத் தாக்கியபோது நுவரெலியா, பதுளை, கண்டி மாவட்டங்களின் சரிவுகள் பல இடங்களில் இடிந்து வீழ்ந்தன. நாடெங்கும் அறுநூற்றுக்கு மேற்பட்டோர் மாண்டனர்.

இவற்றுக்கிடையே நிகழ்ந்த ஒன்றை இன்று சற்று ஆழமாக நோக்குவோம். 2014 அக்டோபர் 29ஆம் நாள் காலை, பதுளை மாவட்டத்துக் கொஸ்லாந்தைக்கு அருகிலுள்ள மீரியபெத்தைத் தோட்டத்தின் லயங்களை மலைச்சரிவு மூடியது. பலருடைய உடல்கள் கிடைக்கவேயில்லை. பள்ளிக்கூடம் சென்றதனால் உயிர் தப்பிய பிள்ளைகள் சிலர், திரும்பி வருவதற்கு வீடும் இன்றி, பெற்றோரும் இன்றி நின்றனர். அவ்விடம் ஆபத்தானது, மக்களை அகற்ற வேண்டும் என்று தேசிய கட்டட ஆராய்ச்சி நிறுவனம் அதற்குப் பல ஆண்டுகள் முன்னரே எச்சரித்திருந்தது. எச்சரிக்கை இருந்தது, போவதற்கு இடம் இருக்கவில்லை. புதிய வீடுகள் 2016இல்தான் கைக்கு வந்தன. ஆகவே, எச்சரிக்கை மட்டும் உயிரைக் காக்காது. எங்கே போவது, எப்போது போவது, யார் யாரை அழைத்துச் செல்வது என்பனவற்றை மழைக்கு முன்னரே முடிவு செய்திருத்தல் வேண்டும். இன்றைய பேச்சின் சாரம் இதுவே.

மலை ஏன் சரிகிறது? பாறையின் மேல் படிந்துள்ள மண், தொடர் மழையில் நீரை உறிஞ்சிக் கனக்கிறது. உள்ளே தேங்கிய நீர் மண்ணின் பிடிப்பைத் தளர்த்துகிறது. கான்கள் தூர்ந்து நீர் வழிந்தோட இயலாத இடத்திலும், வீடு கட்டச் சரிவைச் செங்குத்தாக வெட்டிய இடத்திலும் அபாயம் பெருகுகிறது. ஆனால், மலை பெரும்பாலும் சொல்லாமல் வருவதில்லை. நிலத்திலும் சுவரிலும் புதிய வெடிப்பு, திடீரென இறுகிக்கொள்ளும் கதவு, சாய்ந்து நிற்கும் மரம், புதிதாய்ப் பீறிடும் ஊற்று, தெளிவாய் ஓடிய பீலித் தண்ணீர் கலங்குதல் அல்லது திடீரென நின்றுபோதல்: இவை யாவும் அதன் மொழி. மழைநாளில் இவற்றுள் ஒன்றைக் கண்டாலும், எவருடைய உத்தரவையும் எதிர்பாராமல் அகன்றுவிடுங்கள்.

மழையின் அளவும் நமக்கு ஒரு வழிகாட்டி. இருபத்துநான்கு மணி நேரத்தில் 75 மில்லிமீற்றர் பெய்தால் விழிப்பு. 100 ஆனால் புறப்பட ஆயத்தம். 150 ஆனால் வெளியேற்றம். ஒரே மணி நேரத்தில் 75 பெய்தாலும் வெளியேற்றமே. அடிமுதல் வாய்வரை ஒரே அகலமுள்ள பாத்திரமொன்றை வெட்டவெளியில் வைத்தால் எவரும் இதனைக் கணிக்கலாம். நான்கு விரல் உயரம் நீர் நின்றால் ஏறத்தாழ 75. எட்டு விரல் நின்றால் 150. ஆனால், பாத்திரம் நிரம்பவில்லை என்பதற்காக அதிகாரிகளின் அறிவித்தலைப் புறக்கணித்தல் ஆகாது. முன்னரே நனைந்து ஊறிய மலைக்குச் சிறுமழையும் போதும்.

இனி, வீட்டில் செய்யத்தக்கவை. அடையாள அட்டை, பிறப்பு, விவாகச் சான்றிதழ்கள், வங்கிப் புத்தகம், சேமலாப நிதிப் பத்திரம், கிளினிக் அட்டை ஆகியவற்றைப் பொலித்தீன் உறையிலிட்டுக் கட்டி, கைக்கெட்டும் இடத்தில் தொங்கவிடுங்கள். அதனோடு மருந்து, ஒரு டோர்ச், ஒரு மாற்றுடை. இவ்வளவே போதும். ஆட்டையும் அண்டாவையும் எடுக்கத் திரும்பிச் செல்வது ஆபத்தை வலிய அழைப்பதாகும்.

லயத்தில் எல்லாரும் கூடிச் செய்யத்தக்கவை சில உண்டு. எந்தக் காம்பராவில் கர்ப்பிணி, எதில் கைக்குழந்தை, எதில் எழுந்து நடக்க இயலாத பாட்டி என்று பட்டியல் எழுதுங்கள். பாட்டியைத் தூக்க இருவர் பெயரை அன்றே குறியுங்கள். கோயிலுக்குப் போவோம் என்று வாய்ப்பழக்கமாகச் சொல்கிறோம். அக்கோயிலும் அதே சரிவின் கீழ் நிற்கிறதா என்று பாருங்கள். ஓடையைக் கடக்காத வழியையே தெரிவு செய்யுங்கள். நள்ளிரவில் மின்சாரமும் தொலைபேசியும் அற்றுப்போனால், நம் தப்பே சிறந்த எச்சரிக்கை. சாவுக்கு அடிக்கும் அடியினின்றும் வேறான ஓர் அடியை வகுத்து, சிறுபிள்ளையும் அறியும்படி பழக்கி வையுங்கள். மழைக்காலத்துக்கு முன் ஒரு ஞாயிற்றுக்கிழமை எல்லாரும் ஒருமுறை நடந்து பாருங்கள்.

துன்பம் நேர்ந்த பின்னர் உதவி பெறுவது எங்ஙனம்? அனர்த்த முகாமைத்துவ நிலையத்தின் தொலைபேசி இலக்கம் 117. சேதத்தைக் கிராம உத்தியோகத்தரிடம் பதிந்து, பிரதேச செயலகத்துக்கு எழுத்தில் அறிவியுங்கள். தமிழிலேயே எழுதலாம், அது சட்டம் தந்த உரிமை. தோட்டத்தில் இடர்ப்பாடு ஒன்றுண்டு. லயக் காம்பராக்கள் பெரும்பாலானவற்றுக்கு அங்கு வாழ்வோர் பெயரில் உறுதிப்பத்திரம் இல்லை. தலைமுறை தலைமுறையாக வாழ்ந்தவரும் தம் வீட்டைத் தம்முடையதென்று நிறுவ முடியாமல் நிற்கின்றனர். ஆதலால், தோட்ட நிருவாகத்திடமிருந்து குடியிருப்பை உறுதிசெய்யும் கடிதமொன்றை இப்போதே பெற்று அந்த உறையில் வையுங்கள். மழை ஓய்ந்ததும் பழைய காம்பராவுக்கு ஓடாதீர்கள். தேசிய கட்டட ஆராய்ச்சி நிறுவனத்தார் பார்த்து, குடியிருக்கத் தக்கது என்று சொல்லும்வரை பொறுத்திருங்கள். அவர்கள் தகாது என்றால், அந்த அறிக்கையின் பிரதியைக் கேட்டு வாங்குங்கள். மாற்றுக் காணி கேட்கும் நாளில் உங்கள் கையிலுள்ள சான்று அதுவே.

மக்களைப் பாதுகாப்பான நிலத்தில் குடியேற்றுவது அரசுக்கும் தோட்ட நிருவாகத்துக்கும் உரிய கடமை. அதனை இடைவிடாது கேட்பது நம் கடமை. அந்நிலம் கிடைக்கும்வரை, ஒவ்வொரு மழைக்காலத்தையும் உயிரோடு கடக்க வேண்டும் அன்றோ? இன்றிரவு அடுப்படியில் அமர்ந்து, "மழை வலுத்தால் நாம் எங்கே போவோம்?" என்று வீட்டாரைக் கேளுங்கள். அக்கேள்விக்கு ஒரே விடை எல்லார் வாயிலும் வருமாயின், பாதி ஆபத்தை நீங்கள் கடந்துவிட்டீர்கள்.